குடும்ப வாழ்க்கையை முன்வைத்துப் பிரித்தானியாவில் தங்க மேன்முறையீடு: மறுப்புக் கடிதம் வந்த நாள் முதல் தீர்ப்பு வரை

மறுப்புக் கடிதம் பெரும்பாலும் நீளமானது. வீட்டில் அதைத் திறப்பவர் முதல் பக்கத்தில் "மறுக்கப்பட்டுள்ளது" என்பதைக் கண்டதும் மடித்து வைத்துவிட்டு, தெரிந்தவர்களுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்குவார். கிடைக்கும் இரண்டு வார அவகாசத்தில் நான்கைந்து நாட்கள் இப்படியே கழிந்துவிடும். உண்மையில் அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி கடிதத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது: மேன்முறையீட்டு உரிமை உண்டா, எத்தனை நாட்களுக்குள், நாட்டுக்குள் இருந்தபடியே செய்யலாமா என்பவை அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

துணை, பிள்ளை அல்லது நெருங்கிய உறவினரோடு பிரித்தானியாவில் அமைந்துவிட்ட வாழ்க்கையைக் காரணம் காட்டித் தங்க அனுமதி கேட்டு, உள்துறை அமைச்சால், அதாவது நம்மவர் பேச்சில் ஹோம் ஒபிஸால், மறுக்கப்பட்ட குடும்பங்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. குற்றத் தண்டனைக்குப் பின் வரும் நாடுகடத்தலுக்கு இதைவிடக் கடுமையான விதிகள் உள்ளன. அது தனி விடயம், இங்கே அதைத் தொடவில்லை. சட்ட உதவி பற்றிச் சொல்வன இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்கொட்லாந்தில் குடிவரவு வழக்குகளுக்கு அரச சட்ட உதவி இன்னமும் உண்டு.

முதற்படி: கடிதத்தை வாசித்தல்

முதலில் கடிதத்தின் திகதியையும், அது உங்களுக்கோ உங்கள் சட்டத்தரணிக்கோ அனுப்பப்பட்ட திகதியையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மின்னஞ்சலில் வந்திருந்தால் அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள். நாட்டுக்குள் இருப்பவருக்கு, முடிவு அனுப்பப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள் மேன்முறையீடு தாக்கல் செய்யப்பட வேண்டும். கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து இந்தக் கணக்கு தொடங்குவதில்லை.

அடுத்து, மேன்முறையீட்டு உரிமை எந்த வடிவில் தரப்பட்டுள்ளது என்று பாருங்கள். குடும்ப வாழ்க்கையை முன்வைத்த விண்ணப்பம் சட்டத்தின் கண்ணில் ஒரு மனித உரிமைக் கோரிக்கை. அதை மறுத்தால் 2002ஆம் ஆண்டின் தேசியம், குடிவரவு, புகலிடச் சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி மேன்முறையீட்டு உரிமை பிறக்கிறது. இதற்கு இரண்டு விதிவிலக்குகளை நம்மவர்கள் அடிக்கடி சந்திக்கிறார்கள். கோரிக்கை "வெளிப்படையாகவே ஆதாரமற்றது" என்று அமைச்சு சான்றுப்படுத்தியிருந்தால் நாட்டுக்குள் இருந்து மேன்முறையிட முடியாது. முன்பு தோற்ற அகதி வழக்குக்குப் பிறகு கொடுத்த மேலதிகச் சமர்ப்பணங்களை, அதாவது புதிய சான்றுகளையும் வாதங்களையும், "புதிய கோரிக்கையாக ஏற்கவில்லை" என்று மறுத்திருந்தாலும் மேன்முறையீடு கிடையாது. இவ்விரு நிலைகளிலும் உள்ள வழி நீதிமுறை மீளாய்வு, அதாவது அமைச்சின் முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிபதி பார்க்கும் வழக்கு. அதை இழுத்தடிக்காமல், எப்படியும் மூன்று மாதங்களுக்குள் தொடங்கியாக வேண்டும். அது சட்டத்தரணி இல்லாமல் இறங்கக்கூடிய இடமுமல்ல.

அதன் பிறகு மறுப்பின் காரணங்களை வாசியுங்கள். ஒரு பென்சிலை எடுத்து, அமைச்சு ஏற்றுக்கொண்டவற்றை ஒரு குறியாலும் ஏற்காதவற்றை இன்னொரு குறியாலும் அடையாளமிடுங்கள். "உங்கள் திருமணம் உண்மையானது என்று நம்பவில்லை" என்பதும், "திருமணம் உண்மைதான், ஆனால் இருவரும் இலங்கையில் சேர்ந்து வாழலாம்" என்பதும் முற்றிலும் வேறான இரண்டு வழக்குகள். முதலாவதற்குச் சேர்ந்து வாழ்ந்ததன் சான்றுகள் வேண்டும். இரண்டாவதற்கு அவை ஏறக்குறையப் பயனற்றவை. அங்கே போனால் என்ன ஆகும் என்பதற்கே சான்று வேண்டும். ஏற்கப்பட்டுவிட்ட திருமணத்தை நிரூபிக்க நானூறு நிழற்படங்களோடு வந்து, ஏற்கப்படாத விடயத்துக்கு ஒரு கடிதம்கூட இல்லாமல் நிற்பவர்கள் உண்டு.

இரண்டாம் படி: 14 நாட்களுக்குள் தாக்கல்

மேன்முறையீடு போவது குடிவரவு, புகலிட விடயங்களுக்கான முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்கு. அரச இணையத்தளத்தின் வழியாக நீங்களே தாக்கல் செய்யலாம். வாய்மொழி விசாரணையோடு தீர்க்கக் கட்டணம் 140 பவுண். ஆவணங்களை மட்டும் பார்த்துத் தீர்க்க 80 பவுண். அறுபது பவுண் மிச்சம் என்று இரண்டாவதைத் தெரிவு செய்யாதீர்கள். குடும்ப வாழ்க்கை வழக்கில் நீதிபதி உங்களையும் உங்கள் துணையையும் நேரில் பார்த்துக் கேட்பது மிகவும் பெறுமதியானது. அரச சட்ட உதவி பெறுபவர்களுக்கும் புகலிட உதவியில் வாழ்பவர்களுக்கும் கட்டணம் இல்லை. குறைந்த வருமானம் உள்ளவர்கள் கட்டண உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

தாக்கல் செய்யும்போது காரணங்களை விரிவாக எழுத வேண்டியதில்லை. மறுப்பு, 1998ஆம் ஆண்டு மனித உரிமைகள் சட்டத்தின் 6ஆம் பிரிவுக்கு முரணானது என்பதும், பாதிக்கப்படுவது ஐரோப்பிய மனித உரிமைகள் சாசனத்தின் 8ஆம் உறுப்புரை தரும் குடும்ப, தனிப்பட்ட வாழ்க்கைக்கான உரிமை என்பதும் இருந்தால் போதும். குடும்பத்தில் எத்தனை பேருக்குத் தனித்தனி மறுப்புக் கடிதம் வந்ததோ, அத்தனை பேரும் தனித்தனியே மேன்முறையிட வேண்டும்; பிறகு அவற்றை ஒன்றாக இணைத்து விசாரிக்கும்படி கேட்கலாம். தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை இப்போதே குறிப்பிடுங்கள். அவரைத் தீர்ப்பாயமே இலவசமாக ஒழுங்கு செய்யும். இலங்கைத் தமிழா, இந்தியத் தமிழா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். "கதைத்தல்", "விளங்கவில்லை" போன்ற அன்றாடச் சொற்களிலேயே விசாரணை தடுமாறியதுண்டு.

14 நாட்கள் தவறிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். தாமதத்துக்கான காரணத்தை ஆதாரத்தோடு எழுதி, கால நீடிப்புக் கேட்டுத் தாக்கல் செய்யலாம். மருத்துவமனையில் இருந்தது, கடிதம் பழைய முகவரிக்குப் போனது போன்றவை ஆதாரம் காட்டக்கூடிய காரணங்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். பழைய விசா முடியுமுன் விண்ணப்பித்தவராக இருந்தால், 1971ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவின்படி, காலத்துக்குள் தாக்கலான மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை உங்கள் பழைய அனுமதியும் அதன் நிபந்தனைகளும் தொடரும். வேலை உரிமை இருந்திருந்தால் அதுவும் தொடரும். இரண்டாவது, நாட்டுக்குள் இருந்து தொடங்கிய மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்போது நீங்கள் பிரித்தானியாவை விட்டு வெளியேறினால், அந்த மேன்முறையீடு கைவிடப்பட்டதாகவே கருதப்படும். ஊரில் செத்தவீடு என்றாலும் சட்டம் அப்படித்தான். கடவுச்சீட்டு கையில் இருப்பவர்கள் இதை மறந்துவிடக்கூடாது.

மூன்றாம் படி: யாரிடம் போவது

2013 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடும்ப வாழ்க்கை அடிப்படையிலான குடிவரவு வழக்குகளுக்குச் சாதாரண அரச சட்ட உதவி கிடையாது. ஆனால் விதிவிலக்கு நிதி என்று ஒன்று இருக்கிறது. சட்ட உதவி இல்லாமல் உங்கள் மனித உரிமையே மீறப்படக்கூடும் என்று காட்டினால், சட்ட உதவி முகமை அதை வழங்கலாம்; சட்டத்தரணி இல்லாமல் நீங்களே விண்ணப்பிக்கலாம். மொழி தெரியாமை, வழக்கின் சிக்கல், பிள்ளைகளின் எதிர்காலம், மன நோய் ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். இதைப் பலர் முயன்றே பார்ப்பதில்லை.

பணம் கட்டி ஆலோசகரை வைப்பதானால், அவர் சட்டத்தரணியா, அல்லது குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். 2025 ஜனவரி வரை ஓஐஎஸ்சி என்ற பெயரில் இருந்த அமைப்புத்தான் அது. அதன் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தகுதியோ பதிவோ இல்லாமல் குடிவரவு ஆலோசனை வழங்குவது 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, புகலிடச் சட்டத்தின்படி குற்றம். கடையின் பின்னறையில் இருந்து "கேஸ் எழுதித் தரும்" அண்ணர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அவர் எழுதிய சாட்சிக் கூற்றில் திருமணத் திகதி பிழைத்தால், விசாரணை மண்டபத்தில் அதற்குப் பதில் சொல்லப் போகிறவர் நீங்கள்தான்.

சட்டத்தரணி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அமைச்சு உங்களைப் பற்றி வைத்திருக்கும் கோப்பின் பிரதியைக் கேட்டு எடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. சட்டப்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் புகலிட நேர்காணலில் என்ன சொன்னோம் என்பது நமக்கே நினைவில் இருக்காது. அமைச்சிடம் அது எழுத்தில் இருக்கிறது.

நீதிபதி எதைத் தீர்மானிக்கிறார்

நீதிபதியிடம் நாம் கேட்பது இரக்கம் அல்ல. 8ஆம் உறுப்புரை தரும் உரிமை வரம்புக்கு உட்பட்டது. போதிய காரணமும் பொருத்தமான அளவும் இருந்தால் அரசு அதில் தலையிடலாம். 2004இல் ரஸ்கார் வழக்கில், அன்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வகுத்த ஐந்து கேள்விகளே இன்றும் சட்டகமாக இருக்கின்றன: குடும்ப அல்லது தனிப்பட்ட வாழ்க்கை இருக்கிறதா, அதில் ஏற்படும் தலையீடு கவனிக்கத்தக்க அளவு பாரதூரமானதா, அது சட்டப்படியானதா, நியாயமான நோக்கம் கொண்டதா, அந்த நோக்கத்துக்குப் பொருத்தமான அளவில் இருக்கிறதா. சண்டை அனேகமாக எப்போதும் ஐந்தாவது கேள்வியில்தான். 2008இல் பெயோக்கு பெற்ஸ் வழக்கு, மேன்முறையிட்டவரின் வாழ்க்கையை மட்டுமன்றி, பாதிக்கப்படும் முழுக் குடும்பத்தின் வாழ்க்கையையும் ஒன்றாகவே நிறுக்க வேண்டும் என்று தீர்த்தது. ஆகவே உங்கள் மனைவியின் வேலை, மாமியாரின் நோய், மூத்த பிள்ளையின் பரீட்சை எல்லாம் வழக்கின் பகுதிகள்.

வெல்ல மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, குடிவரவு விதிகளையே நீங்கள் நிறைவு செய்கிறீர்கள் என்று காட்டுவது. 2012 ஜூலை 9இல் வந்த அப்பென்டிக்ஸ் எஃப்எம் என்ற பகுதியே துணைக்கும் பெற்றோருக்கும் உரியது. குடும்ப வாழ்க்கை இருப்பவர் விதிகளை நிறைவு செய்கிறார் என்று கண்டால், அவரை அனுப்புவதில் பொதுநலன் இல்லை என்றே ஆகிவிடும், மேன்முறையீடு வெல்லும். இரண்டாவது, பிள்ளையை மையமாகக் கொண்ட சட்ட விதி. மூன்றாவது, விதிகளுக்கு வெளியே, மறுப்பின் விளைவு நியாயப்படுத்த முடியாத அளவு கடுமையானது என்று காட்டுவது. 2017இல் அக்யார்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலை உறுதி செய்தது. மூன்றாவது வழியை மட்டும் நம்பிப் போவது கடினமான பயணம். முதல் இரண்டையும் முழுதாகத் தேடிய பிறகே அதற்கு வாருங்கள்.

துணை இருந்து பிள்ளை இல்லாத குடும்பத்துக்கு முதல் வழியின் திறவுகோல் "கடக்க முடியாத தடைகள்" என்ற சொல். பிரித்தானியாவுக்கு வெளியே சேர்ந்து வாழ்வதில் கடக்கவே முடியாத, அல்லது கடந்தால் மிகக் கடுமையான துன்பம் தரும் பெரும் சிரமங்கள் இருக்க வேண்டும். மனைவி பிரித்தானியப் பிரசை என்பதும், இலங்கையில் வேலை கிடைப்பது சிரமம் என்பதும் பொதுவாகப் போதாது. மனைவி இலங்கையில் இருந்து தப்பி வந்து அகதியாக ஏற்கப்பட்டவர் என்பது மிகவும் கனமானது. அவருடைய முன்னைய திருமணத்துப் பிள்ளை இங்கே தந்தையைப் பார்க்க நீதிமன்ற உத்தரவு இருக்கிறது என்பதும் அப்படியே.

பிள்ளை: வழக்கின் மையம்

மேலே சொன்ன 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2014 ஜூலை 28இல் நடைமுறைக்கு வந்த 117பி பிரிவு, நீதிபதி கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. குடிவரவுக் கட்டுப்பாடு பொதுநலன். ஆங்கிலம் பேசுவதும், அரசின் கையை எதிர்பாராமல் வாழ்வதும் பொதுநலன். விசா இல்லாத காலத்தில் உருவான துணை உறவுக்கும், நிலையற்ற விசாவில் உருவான தனிப்பட்ட வாழ்க்கைக்கும் சிறிதளவு கனமே கொடுக்கலாம். இவ்வளவும் நமக்கு எதிரானவை. ஆனால் அதே பிரிவின் 6ஆம் உட்பிரிவு வேறு விதமானது: நாடுகடத்தலுக்கு உள்ளாகக்கூடியவர் அல்லாத ஒருவருக்கு, தகுதி பெற்ற பிள்ளையோடு உண்மையானதும் தொடர்வதுமான பெற்றோர் உறவு இருந்து, அந்தப் பிள்ளை நாட்டை விட்டுப் போகும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல என்றால், பொதுநலன் அவரை அகற்றக் கோருவதில்லை. தகுதி பெற்ற பிள்ளை என்றால் 18 வயதுக்குக் குறைந்தவராக இருப்பதோடு, பிரித்தானியப் பிரசையாகவோ, தொடர்ந்து ஏழு ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் இங்கே வாழ்ந்தவராகவோ இருக்க வேண்டும்.

ஏழு ஆண்டைக் கணக்கிடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. அப்பென்டிக்ஸ் எஃப்எம் விதி, விண்ணப்பத் திகதிக்கு முந்தைய ஏழு ஆண்டுகளைப் பார்க்கிறது. 117பி பிரிவோ விசாரணை நாளில் உள்ள நிலையைப் பார்க்கிறது. விண்ணப்பித்தபோது ஆறரை வயதாக இருந்த, இங்கேயே பிறந்த பிள்ளை, விசாரணை நாளில் தகுதி பெற்றிருக்கலாம். முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்கு மேலுள்ள மேல் தீர்ப்பாயம் 2013இல் சொன்ன இன்னொரு கருத்தையும் மனதில் வையுங்கள்: பிறந்து முதல் ஏழு ஆண்டுகளைவிட நான்கு வயதிலிருந்து வரும் ஏழு ஆண்டுகளே கனமானவை. கைக்குழந்தைக்கு உலகம் பெற்றோர்தான். பத்து வயதுப் பிள்ளைக்குப் பாடசாலையும் நண்பர்களும் சேர்ந்ததே உலகம்.

"நியாயமா" என்ற கேள்வியில் 2018இன் கேஓ (நைஜீரியா) வழக்கைத் தெரியாமல் போகக்கூடாது. பெற்றோர் விசா இல்லாமல் தங்கினார்கள் என்ற குற்றத்தைப் பிள்ளையின் தலையில் வைக்கக்கூடாது என்பது அதன் நல்ல பாதி. பிள்ளையின் நிலையை நிஜ உலகில் வைத்துப் பார்க்க வேண்டும், அதாவது பெற்றோர் எங்கே இருப்பார்கள் என்று எதிர்பார்க்கப்படுகிறதோ அந்தச் சூழலில், என்பது மறுபாதி. இரு பெற்றோருக்கும் அனுமதி இல்லை என்றால், அவர்களோடு பிள்ளையும் போவது இயல்புதானே என்று அமைச்சு வாதிடும். ஏழு ஆண்டு முடிந்துவிட்டது, இனி வெற்றி உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே நேரம், ஏழு ஆண்டு வாழ்ந்த பிள்ளை விடயத்தில் வலுவான எதிர்க்காரணங்கள் இருந்தாலன்றி அனுமதி தரப்பட வேண்டும் என்று 2016இல் எம்ஏ (பாகிஸ்தான்) வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியிருப்பதையும் வாதத்தில் காட்டலாம். பிள்ளையின் நலன் முதன்மையான கருத்தாக இருக்க வேண்டும் என்பது 2011இன் இசட்எச் (தன்சானியா) தீர்ப்பு.

மேன்முறையீட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு கதவும் உண்டு. பிரித்தானியாவில் பிறந்து, முதல் பத்து ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்த பிள்ளை, எந்த ஆண்டிலும் 90 நாட்களுக்கு மேல் வெளியே போகாதிருந்தால், 1981ஆம் ஆண்டுத் தேசிய இனச் சட்டத்தின்படி பிரசையாகப் பதிவு பெற உரிமை உடையது. பெற்றோருக்கு விசா இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டணம் பெரிது, ஆனால் 2022 ஜூன் முதல் வசதியற்ற குடும்பங்கள் கட்டண விலக்குக் கேட்கலாம். பத்தாவது பிறந்தநாள் நெருங்கும் பிள்ளை உள்ள வீட்டில் இதை முதலில் கவனியுங்கள்.

வளர்ந்தவர்களும் பழைய அகதி வழக்கும்

வயது வந்த பிள்ளைக்கும் பெற்றோருக்கும், அல்லது சகோதரர்களுக்கும் இடையே குடும்ப வாழ்க்கை உண்டா என்ற கேள்விக்கு வழிகாட்டி, 2003இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த குகதாஸ் வழக்கு. இலங்கையில் இருந்து வந்த தனியாள் ஒருவரின் வழக்கு அது. அவருடைய தாயும் சகோதரங்களும் ஜேர்மனியில் இருந்தார்கள். வழமையான பாசம் போதாது, உண்மையான, அல்லது பயனுள்ள, அல்லது அர்ப்பணிப்புள்ள ஆதரவு என்ற தங்கியிருத்தல் இருக்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு. நம் குடும்பங்களில் அக்காவின் வீட்டில் வாழும் திருமணமாகாத தம்பியைக் குடும்பம் என்று நாம் சொல்லுவோம். சட்டம் கேட்பது: அக்காவுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது யார், வாடகையில் யார் பங்கு என்ன, அவர் இல்லாவிட்டால் அந்த வீடு எப்படி நடக்கும்?

முன்பு அகதி மேன்முறையீட்டில் தோற்றவர்களுக்கு முக்கியமானது இன்னோர் இலங்கை வழக்கு, 2002இன் தேவசீலன். முன்னைய நீதிபதியின் முடிவே இரண்டாவது நீதிபதிக்குத் தொடக்கப் புள்ளி என்பது அதன் சாரம். அன்று "நம்பத்தகாதவர்" என்று எழுதப்பட்டிருந்தால், அதே சம்பவங்களை அதே சான்றோடு மறுபடி சொல்வதில் பயனில்லை. அதற்குப் பிறகு நடந்தவை, அதாவது திருமணம், பிள்ளைகள், ஆண்டுகள், நோய் ஆகியவையே இந்த வழக்கின் பொருள். அமைச்சு பல ஆண்டுகள் பதில் சொல்லாமல் இருந்த காலமும் உங்களுக்குச் சாதகமாக வரலாம். தாமதத்தின்போது உறவுகள் ஆழமாகின்றன என்பதை 2008இல் ஈபி (கொசோவோ) வழக்கு ஏற்றது.

நான்காம் படி: சான்றுகள்

வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் வெல்கின்றன, தோற்கின்றன. பாடசாலைக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். "நல்ல மாணவி, ஒழுங்காக வருகிறாள்" என்ற கடிதம் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். அதனால் எதையும் நிரூபிக்காது. எந்த வயதில் சேர்ந்தாள், எந்த மொழியில் எழுதுகிறாள், மேலதிகக் கற்றல் உதவி தேவையா, வரும் ஆண்டில் எந்தப் பரீட்சை, பெற்றோரில் யார் கூட்டிவந்து கூட்டிப்போகிறார், பெற்றோர் சந்திப்புக்கு யார் வருகிறார் என்று எழுதும்படி தலைமை ஆசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள். பிரிந்து வாழும் தந்தை ஒருவர் பெற்றோர் உறவை நிரூபிக்க வேண்டுமானால் இந்தக் கடைசி இரண்டு வரிகளே வழக்கைத் தூக்கிவிடும்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் சான்றிதழைப் பெருமையோடு கொண்டுவருகிறார்கள் பெற்றோர். அமைச்சின் சார்பில் வாதிடும் அதிகாரி அதை எடுத்து, பிள்ளைக்குத் தமிழ் தெரியும், யாழ்ப்பாணத்தில் பள்ளிக்குப் போகலாம் என்று சொல்வார். அதை மறைக்கச் சொல்லவில்லை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை என்பதை மறைத்தால் நம்பகத்தன்மை போய்விடும். மாறாக, எந்த வகுப்புத் தமிழ், பத்தி ஒன்றை வாசித்து எழுத முடியுமா, விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் படிக்கும் அளவு இருக்கிறதா என்று தமிழ் ஆசிரியரிடமே கடிதம் வாங்குங்கள். பேசுவது ஒன்று, சாதாரண தரப் பரீட்சையை அந்த மொழியில் எழுதுவது வேறொன்று.

மருத்துவருக்கும் இதே விதிதான்: நோயின் பெயரோடு மருந்து, எத்தனை காலம், நிறுத்தினால் என்ன ஆகும், வீட்டில் யார் பராமரிக்கிறார் என்பவை வேண்டும். சேர்ந்து வாழ்வதற்கு, இருவர் பெயரிலும் வந்த கவுன்சில் வரி, வங்கி, மின்கட்டணக் கடிதங்களை ஆண்டுவாரியாக அடுக்குங்கள். வாடகை ஒப்பந்தத்தில் விசா இல்லாதவர் பெயர் இல்லாதது வழக்கம்; அதற்கான விளக்கத்தை வீட்டுச் சொந்தக்காரரிடம் எழுதி வாங்குங்கள். தனியார் சமூகப் பணியாளரின் அறிக்கை செலவானது. பிள்ளைக்கு விசேட தேவை இருந்தால், அல்லது பெற்றோரில் ஒருவர் மட்டும் போக நேரும் என்றால் அது பயன்படும். எல்லா வழக்குக்கும் தேவையில்லை.

நம்மவர்களுக்கே உரிய ஒரு தொல்லை பெயர். தந்தை பெயர் முன்னால், தன் பெயர் பின்னால், கடவுச்சீட்டில் ஓர் எழுத்துக்கூட்டல், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, திருமணப் பதிவில் மூன்றாவது. இதை நீதிபதி கேட்கும்வரை காத்திருக்காமல், கூற்றில் ஒரு பந்தியில் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஆவணம் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்ப்புச் சரி என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட சான்றும் சேர வேண்டும்.

சாட்சிக் கூற்றை நீங்கள் பேசும் விதத்திலேயே, கால வரிசையில், எண்ணிட்ட பந்திகளாக எழுதச் செய்யுங்கள். எங்கே சந்தித்தீர்கள், எப்போது சேர்ந்து வாழத் தொடங்கினீர்கள், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டில் எப்படிப் போகிறது என்பவை இருக்கட்டும். விசா முடிந்த பின்னும் தங்கியதை ஒரு வரியில் நேர்மையாக ஒப்புக்கொள்ளுங்கள். கூற்று ஆங்கிலத்தில் இருந்தால், கையெழுத்திடுமுன் அது உங்களுக்குத் தமிழில் வாசிக்கப்பட்டது என்ற குறிப்பும் அதில் வேண்டும். உறவினர், அயலவர் கடிதம் தரலாம். ஆனால் விசாரணைக்கு வந்து பதில் சொல்ல ஆயத்தமாக உள்ள ஒருவரின் கூற்று, வராதவர்களின் பத்துக் கடிதங்களைவிடக் கனமானது.

ஐந்தாம் படி: விசாரணைக்கு முன்

தாக்கலுக்குப் பிறகு அமைச்சு தன் ஆவணக் கட்டைத் தரும். பிறகு உங்கள் தரப்பு வாதச் சுருக்கத்தையும் ஆவணக் கட்டையும் தீர்ப்பாயம் குறித்த திகதிக்குள் பதிவேற்ற வேண்டும். சட்டத்தரணி இல்லாதவர்கள் தம் வழக்கைத் தம் சொற்களில் விளக்கினால் போதும். அதைப் பார்த்து அமைச்சு தன் முடிவை மீளாய்வு செய்து எழுத்தில் பதில் தரும். நல்ல சான்றுகள் சேர்ந்தால் இந்தக் கட்டத்திலேயே மறுப்பை விலக்கிக்கொள்வதும் உண்டு.

மறுப்புக்குப் பிறகு பிள்ளை பிறந்தாலோ, புதிய உறவு ஏற்பட்டாலோ அதை உடனே அமைச்சுக்கு அறிவியுங்கள். அமைச்சு முன்பு பரிசீலிக்காத "புதிய விடயம்" ஒன்றை, அமைச்சின் சம்மதம் இல்லாமல் தீர்ப்பாயம் விசாரிக்க முடியாது. விசாரணை நாளன்று காலை சொன்னால் ஒத்திவைப்போ, அந்த விடயம் ஒதுக்கப்படுவதோ நடக்கும்.

ஆறாம் படி: விசாரணை நாள்

லண்டனில் இவ்வழக்குகள் டெய்லர் ஹவுஸிலோ ஹட்டன் குறொஸிலோ நடக்கும். பர்மிங்காம், மன்செஸ்டர், பிராட்ஃபோர்ட், கிளாஸ்கோ, நியூபோர்ட் ஆகிய இடங்களிலும் மையங்கள் உண்டு. அறை சிறியது, நீதிபதிக்கு அங்கியும் விக்கும் இல்லை. முதலில் உரைபெயர்ப்பாளரோடு இரண்டு வாக்கியம் பேசச் சொல்வார்கள். விளங்கவில்லை என்றால் அந்த நிமிடமே சொல்லுங்கள்; தோற்ற பிறகு சொன்னால் எடுபடுவது கடினம்.

உங்கள் கூற்று உண்மை என்று உறுதி செய்த பின் அமைச்சின் அதிகாரி குறுக்கு விசாரணை செய்வார். கேட்ட கேள்விக்கு மட்டும், சிறு வாக்கியங்களில், உரைபெயர்ப்பாளருக்கு இடம் விட்டுப் பதில் சொல்லுங்கள். திகதி நினைவில்லை என்றால் நினைவில்லை என்பதே சரியான பதில். சாட்சி சொல்லப் போகும் துணை, உங்கள் சாட்சியம் முடியும்வரை வெளியே இருக்க வேண்டும். பிள்ளைகளை வழக்கமாகச் சாட்சிக்கு அழைப்பதில்லை. அவர்கள் பாடசாலையில் இருப்பதே நல்லது. கடைசியில் அதிகாரியும் பிறகு உங்கள் தரப்பும் தொகுத்து வாதிடுவார்கள். தீர்ப்பு அன்றே வருவது அரிது. எழுத்தில் பின்னர் அனுப்பப்படும்.

தீர்ப்புக்குப் பிறகு

தோற்றால், தீர்ப்பில் சட்டப் பிழை இருந்தால் மட்டுமே மேல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கான அனுமதியை எழுத்துத் தீர்ப்பு அனுப்பப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள் முதலில் முதல்நிலைத் தீர்ப்பாயத்திடமே கேட்க வேண்டும். அங்கே மறுக்கப்பட்டால் மேலும் 14 நாட்களுக்குள் மேல் தீர்ப்பாயத்திடம் நேரடியாகக் கேட்கலாம். நீதிபதி நம்பவில்லை என்பது சட்டப் பிழை அல்ல. முக்கிய சான்றைக் கவனிக்காமல் விட்டது, பிள்ளையின் நலனை ஆராயாதது, சட்ட அளவுகோலைப் பிழையாகப் பிரயோகித்தது போன்றவையே பிழைகள்.

வென்றாலும் அமைச்சு இதே கால எல்லைக்குள் எதிர்த்து அனுமதி கேட்கலாம் என்பதால், அந்த நாட்கள் கழியும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பின் வழக்கமாக 30 மாத அனுமதி வரும். அரச நிதி உதவி பெறக்கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்து, குடும்பம் வறுமையில் இருந்தால், நிபந்தனையை நீக்கக் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். அடுத்த நீடிப்பின்போது வயது வந்தவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண் என்ற சுகாதார மேலதிகக் கட்டணமும் சேரும். கட்டமுடியாதவர்கள் விலக்குக் கேட்கலாம். 8ஆம் உறுப்புரை பிரயோகிக்கப்படும் விதத்தைச் சட்டத்தால் இறுக்கப் போவதாக 2025 மே வெள்ளை அறிக்கையில் அரசு அறிவித்திருப்பதால், நீடிப்புக்குப் போகும் நாளில் நடப்பிலுள்ள விதியைப் பார்த்தே போக வேண்டும். அனுமதி முடியும் திகதியை இன்றே சுவர் நாட்காட்டியில் குறித்து, அதற்கு முந்தைய மூன்று மாதங்களையும் அடையாளமிடுங்கள். முடிந்த பிறகு விண்ணப்பித்தால் 3சி பிரிவின் பாதுகாப்பு இல்லாமல் போய்விடும்.